தமிழில் ஒருவர்

எனக்கு வாய் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் பாதிக் கதையில் நீங்களாகக் கண்டுபிடித்த மாதிரி தலையை ஆட்டிக்கொள்ள வேண்டாம்.

அப்பா வைத்திருந்தது சமையலறை உதிரிபாகக் கடை. குக்கர் வளையம், வெயிட், கைப்பிடி, மிக்ஸி ஜார் மூடி, பிளேடு, அடுப்புக் குமிழ். புதுச் சாமான் ஒன்றுகூடக் கிடையாது, பழசுக்கு உயிர் கொடுக்கிற சின்னச் சின்னத் துண்டுகள்தான். கடையில் உட்கார்ந்தது அக்கா. கல்யாணமாகி ஆறாவது வருஷம் அத்தான் போய்விட்டார். நாலு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தவள், மறுவாரமே கடை ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷம் இறங்கவில்லை. நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தேன். காலையில் அவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவோடு போவேன், சாயங்காலம் காலி டப்பாவோடு வருவேன். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

அப்பா போன ரெண்டாவது மாதம். ஒரு சனிக்கிழமை, எனக்கு லீவு, கடையில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா சொன்னாள், "கடையை விட்டுடலாம்டி. பக்கத்துக் கடைக்காரர் கேக்கறார். நீயும் ரிட்டயர் ஆகப்போற. ரெண்டு பேரும் பையன்கிட்டப் போய்க் கொஞ்ச நாள் இருக்கலாம்."

ரெண்டு பேரும் என்றுதான் சொன்னாள். அது என் காதில் விழவே இல்லை. விட்டுடலாம் என்பது மட்டும்தான் விழுந்தது. எனக்கு மூக்கு மேல் கோபம். நாலு வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள், அவர்கள் முன்னால் கத்தினேன், "இருபத்திரெண்டு வருஷம் அப்பா சோத்தை ஓசியில தின்னுட்டு, இப்பக் கடையையும் விக்கச் சொல்றியா?"

ஒரு ஆள் கையிலிருந்த மூடியை மேஜைமேல் வைத்துவிட்டு மெல்ல நழுவினார். அக்கா அந்த மூடியை எடுத்துத் துடைத்து, அதன் டப்பாவுக்குள் போட்டாள். நாலாம் நாள் ஒரு பெட்டியும், வீட்டில் புழங்கிய ஐந்து லிட்டர் குக்கரும் எடுத்துக்கொண்டு மகனிடம் போய்விட்டாள். மகன் இருந்தது கடல் தாண்டி வேறொரு தேசத்தில், அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டு. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. எல்லாருக்கும் தெரிந்த பழமொழிதான், எனக்கும் தெரியும்.

ஏழு வருஷம் பேச்சு இல்லை. அவள் பெரியவள், அவள்தான் கூப்பிட வேண்டும் என்று நான் இருந்தேன். அங்கே போனதும் அவள் அனுப்பிய நம்பரை என் போனிலிருந்து அழித்தேன். அழித்து என்ன பிரயோஜனம், மனப்பாடமாக இருக்கிறதே.

அக்கா போனபின் கடை பூட்டியே கிடந்தது. இதற்குள் அந்த வரிசையையே இடித்துவிட்டார்கள். சாமான்கள் வீட்டுக்கு வந்தன. இப்போது என் கட்டிலுக்கு மூன்று பக்கமும் டப்பாக்கள், நாலாவது பக்கம் இறங்க ஒரு வழி. கூடத்தில் மிக்ஸி மூடிகள், சமையலறை அலமாரியில் பிளேடுகள். ஒரு தட்டு, ஒரு டம்ளர் வைக்க மட்டும் இடம் விட்டிருக்கிறேன். போதும், ஆள் ஒருத்திதானே.

அடுத்த தெருவில் டீச்சர் ஒருத்தி இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தவள், வேலையை விட்டுவிட்டு இப்போது வீட்டிலிருந்தே வெப்சைட் செய்கிறாள். அவள்தான் ஆன்லைன் கடை போடலாம் என்றாள். போடுவதென்றால் ஐந்து மொழியில் போட வேண்டும் என்றாள்.

"எதுக்கு அஞ்சு? நான் என்ன ஐக்கிய நாடுகள் சபையா நடத்தறேன்?"

"உங்க மாடலெல்லாம் பழசு மேடம். இங்க எல்லாரும் தூக்கிப் போட்டாச்சு. எங்கயாவது ஒரு தேசத்துல எவளாவது ஒருத்தி இன்னும் வெச்சிருப்பா. அவ பாஷையிலதான் தேடுவா. அவ தேடறப்ப நம்ம கடை கண்ணுல படணும்."

நியாயமாகத்தான் இருந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், தமிழ் என்று முடிவாயிற்று. நான் எழுதினால் தமிழில்தான் எழுதுவேன் என்றேன். "அப்பத் தமிழ்தான் மூலம். மத்த நாலும் அதுலேருந்து தானா எடுத்துக்கும். புரிஞ்சுதா?" என்றாள். ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிற குரல். நானும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, புரிந்த இடத்திலும் புரியாத இடத்திலும் ஒரே சீராகத் தலையாட்டினேன். என் கண்ணெதிரே ஒரு பொத்தானை அழுத்தினாள். குக்கர் வளையம் நாலு மொழியிலும் வந்து நின்றது. சரி, நாலு டப்பாவையும் நிரப்பி மூடியாயிற்று, இனிமேல் அவை அவை பாட்டுக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நூற்று நாற்பது சாமான். ஒவ்வொரு டப்பாவாக மடியில் வைத்துத் தட்டச்சு செய்தேன். அப்போதுதான் அக்காவின் சீட்டுகளைப் படித்தேன். ஒவ்வொரு டப்பாவிலும் அட்டையை நறுக்கி, நீலப் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தாள். இத்தனை வருஷம் அந்த டப்பாக்களோடு குடித்தனம் நடத்தியும் நான் ஒன்றையும் படித்ததில்லை. 'சின்ன மூடி. பெரிய ஜாருக்கும் பொருந்தும்னு கேப்பாங்க. பொருந்தாது. சண்டை போட்டாலும் பொருந்தாது.' 'அடுப்புக் குமிழ். முதல்ல கடுகடுன்னு இருக்கும், ஒரு வாரத்துல சரியாகும், மனுஷங்களை மாதிரி.' 'ஐந்து லிட்டர் வளையம். தளர்ந்தா ஃப்ரீஸர்ல வெச்சு மாட்டச் சொல்லு. அப்பவும் தளர்ந்தா புதுசு வாங்கச் சொல்லு. மொத்தம் 36.'

வளையங்களை எண்ணினேன். அது விற்காத சரக்கு, எழுதின நாளிலிருந்து யாரும் தொட்டிருக்கவில்லை. முப்பத்தாறு இருந்தது. வீட்டுக் குக்கரோடு போனவள் கடையிலிருந்து ஒரு வளையம்கூட எடுத்துப் போகவில்லை. ஓசி என்று நான் சொன்னதற்கு அவள் சொன்ன பதில் அதுதான். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை, பார்க்க யார் இருக்கிறார்கள்.

கடை திறந்தது. ஆர்டர்கள் வரத் தொடங்கின. கூரியர்காரர் மத்தியானம் வருவார். "எத்தனை?" என்பார். "மூணு" என்பேன். பல நாட்களில் என் வாயிலிருந்து வந்த பேச்சு அந்த ஒரு எண்தான். ஊரே அஞ்சிய வாய் இது, நம்புங்கள்.

டீச்சர் ஒரு கணக்குப் பக்கத்தைக் காட்டிக் கொடுத்திருந்தாள். எந்த மொழியில் எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று அது சொல்லும். நான் பார்ப்பது மட்டும் அதில் சேராதபடி செய்திருந்தாள். ஆங்கிலம் நாற்பது, பிரெஞ்சு பன்னிரண்டு, ஜெர்மன் ஒன்பது, ஸ்பானிஷ் ஆறு. தமிழ் பூஜ்யம். மூன்றாவது வாரம் ஒரு காலை, தமிழ்: 1.

மறுநாளும் ஒன்று. அதற்கு மறுநாளும். அந்த ஒன்றைத் தொட்டால் விவரம் வரும். நம் நேரப்படி காலை ஐந்து நாற்பது. பதினோரு நிமிஷம். நூற்று நாற்பது பக்கத்தையும் பார்த்திருக்கிறார். எதுவும் வாங்கவில்லை. எங்கிருந்து என்ற இடத்தில் ஒரு நகரத்தின் பெயர் இருந்தது. அக்கா மகன் வேலை பார்க்கும் நகரம்.

அந்த நகரத்தில் ஆயிரம் தமிழர்கள் இருப்பார்கள், எனக்குத் தெரியாதா? ஆனால் தினமும் ஒரே நேரத்துக்கு வந்து, ஒன்று விடாமல் நோட்டம் விட்டு, ஒன்றும் வாங்காமல் போகிற ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். நம் விடியற்காலை அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு முடித்த நேரம். அவள் படிப்பதும் வேகம், பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து பிடித்தாளென்றால் காபி ஆறுவதற்குள் முடிப்பாள். வேவு பார்க்கிறாயா, பார் பார் என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். அன்று முழுவதும் வீட்டில் வேறு ஆள் நடமாடுகிற மாதிரி இருந்தது.

டீச்சரிடம் மூச்சு விடவில்லை. ஆனால் எழுத ஆரம்பித்தேன். தமிழில் வேறு யாரும் வருவதில்லையே. மிக்ஸி மூடிப் பக்கத்தில் விவரத்துக்குக் கீழே எழுதினேன்: 'அக்கா, உன் சீட்டைத்தான் காப்பி அடித்திருக்கிறேன். சண்டைக்கு வராதே.' மறுநாள் காலை, தமிழ்: 1. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அடுப்புக் குமிழில் எழுதினேன்: 'ஒரு வாரத்தில் சரியாகும் என்று எழுதி வைத்தவளே, ஏழு வருஷம் ஆச்சு, உனக்கு இன்னும் சரியாகவில்லையா?' கைப்பிடியில்: 'நீலப் பூச்செடி ஒன்று வாங்கி வைத்தேன், பெயர் தெரியவில்லை, செத்துவிட்டது. நீ இருந்தால் பெயரும் தெரிந்திருக்கும், செடியும் இருந்திருக்கும்.' பிளேடில்: 'முழங்கால் வலிக்கிறது. உனக்கு எப்படி?' இப்படி முப்பத்தோரு பக்கம். கிண்டல் செய்தேன், புலம்பினேன், அதட்டக்கூடச் செய்தேன். மன்னித்துக்கொள் என்ற ஒரு வார்த்தையை மட்டும் எழுதவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் கடிதம் கடைக்கு வந்தது. வருகிற கடிதங்களைக் கடையே தமிழாக்கித் தரும், சாமியார் பேசுவது போன்ற தமிழில். 'மதிப்பிற்குரிய விற்பனையாளரே, மூடி பொருந்துகிறது. தங்கள் மூத்த சகோதரி தங்களுடன் உரையாடத் தொடங்கிவிட்டாரா? என் கணவரும் வினவுகிறார்.'

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எவள் இவள், இவளுக்கு யார் சொன்னது? மறுநாள் ஸ்பானிஷில் ஒன்று: 'முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நன்று.' அதற்கடுத்து பிரெஞ்சில் ஒரு கிழவர்: 'எனக்கும் ஒரு சகோதரி இருந்தார். தொலைபேசியில் அழையுங்கள். நான் தாமதித்துவிட்டேன்.'

செருப்பை மாட்டியும் மாட்டாமலும் டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். அவள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது.

"மேடம், தமிழ்தான் மூலம்னு சொன்னேனே. நீங்க தமிழ்ல எதை மாத்தினாலும் மத்த நாலுலயும் மாறும். மூணாவது வாரம் அந்த வசதியைப் போட்டுட்டு உங்ககிட்ட சொன்னேன். நீங்க தலையாட்டினீங்க."

"நான் எல்லாத்துக்கும்தான் ஆட்டுவேன்! நீ டீச்சர்தானே, திருப்பிக் கேள்வி கேட்டிருக்க வேண்டாமா?"

அவள் பிளேடுப் பக்கத்தை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்தாள். என் முழங்கால் வலியை நாலு தேசம் படித்திருக்கிறது. மானம் போனால் போகட்டும். எனக்கு வேறு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"அது கிடக்கட்டும் டீச்சர். தமிழ்ல தினமும் ஒருத்தர் வர்றாங்களே. காலங்காத்தால. அது யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். குரலில் பாடம் நடத்துகிற மிடுக்கு போய்விட்டது. "அது ஆள் இல்ல மேடம். மொழிபெயர்க்கிற கம்பெனியோட மெஷின். அந்த ஊர்லதான் வெச்சிருக்காங்க. தினமும் வந்து எது மாறியிருக்குன்னு பாத்து எடுத்துட்டுப் போகும். அதைக் கணக்குல சேராம நிறுத்தியிருக்கணும், என் தப்புதான்." திரையை மூடிக்கொண்டே சொன்னாள், "நூத்தி நாப்பது பக்கத்தைப் பதினோரு நிமிஷத்துல எந்த மனுஷி படிப்பா?"

எங்கக்கா படிப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். மூன்று பக்கமும் டப்பாக்கள். இரண்டு மாதம் ஒரு மெஷினிடம் முழங்கால் வலி சொல்லி அழுதிருக்கிறேன். சிரிப்பு வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பிரெஞ்சுக் கிழவர் சொன்னது மண்டையில் குடைந்தது. போனை எடுத்தேன். மனப்பாடமாக இருந்த நம்பரை அழுத்தினேன். யாரோ ஒருத்தி தெரியாத பாஷையில் ஏதோ சொன்னாள், அப்புறம் ஆங்கிலத்தில் சொன்னாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை.

மறுபடி அழுத்தினேன். அதே ஒருத்தி, அதே குரல். அக்கா மகன் நம்பர் என்னிடம் எப்போதுமே இருந்ததில்லை. அவன் பேசுவதென்றால் அவள் போனில்தான் பேசுவான். விலாசமும் இல்லை. சொந்தம் என்று எங்களுக்கு நாங்கள்தான், நடுவில் நின்று சொல்லவும் ஆள் இல்லை. அக்காவோடு நான் ஏழு வருஷமாகப் பேசாமல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவளைத் தொலைத்துவிட்டிருக்கிறேன்.

மறுநாள் முப்பத்தோரு பக்கத்திலும் எழுதியதை அழித்தேன். கடைசியாக ஐந்து லிட்டர் வளையத்தின் பக்கத்துக்கு வந்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, எழுதத் துணிந்ததில்லை. ஒரு வளையம் நன்றாக உழைத்தால் இரண்டு வருஷம் உழைக்கும். ஃப்ரீஸரில் வைத்து வைத்து இழுத்தாலும் எத்தனை நாள்? அந்தக் குக்கர் இன்னும் அடுப்பில் ஏறுகிறது என்றால், என்றைக்காவது ஒருநாள் வளையம் தேட வேண்டும். அக்கா தேடுவாளோ, அங்கேயே பிறந்து வளர்ந்த, தமிழ் ஓரெழுத்தும் தெரியாத அவள் மருமகள் தேடுவாளோ.

எழுதினேன்.

'அக்கா, நான் சொன்னது பொய். உன் வேலைக்கு அப்பா சம்பளம் கொடுக்கவில்லை, நீயும் கேட்கவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டது நான். தினமும் நீ கட்டிக் கொடுத்த டப்பாவை ஆபீசில் திறந்து தின்றவள், ஒருநாளாவது நல்லாயிருந்தது என்று சொன்னதில்லை. நல்லாயிருந்தது. வளையம் முப்பத்தாறும் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். என்னை மன்னித்துக்கொள்.'

சேமிப்பதற்கு முன்னால் டீச்சருக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். அவள் சொன்னாள், "மேடம், இது எல்லாப் பாஷையிலயும் போகும். பரவாயில்லையா?"

"போகட்டும். நாலு பேர் முன்னாலதானே சொன்னேன். நாலு பாஷையில கேக்கறேன்."

ஐந்து மாதம் போயிற்று. கூரியர்காரர் வந்தார், எத்தனை என்றார், ரெண்டு என்றேன், அஞ்சு என்றேன். கடிதம் எழுதுகிறவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அவரவருக்கு அவரவர் பாடு. காலையில் எழுந்ததும் கணக்கைப் பார்ப்பேன். தமிழ்: 1. மெஷினைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று டீச்சர் இரண்டு தடவை சொன்னாள். வேண்டாம், அது பாட்டுக்கு வரட்டும் என்றேன். வந்துட்டியா என்று கேட்பேன். அதற்குப் பதில் தெரியாது என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. பல் துலக்கிக்கொண்டே பார்த்தேன். தமிழ்: 2.

கீழே ஒரு ஆர்டர். கடை திறந்த நாளிலிருந்து தமிழில் வந்த முதல் ஆர்டர். குக்கர் வளையம், ஐந்து லிட்டர், ஒன்று. விலாசத்துக்கும் போன் நம்பருக்கும் கீழே, விற்பனையாளருக்குக் குறிப்பு என்ற கட்டம் இருக்கும், யாரும் நிரப்புவதில்லை. அது நிரம்பியிருந்தது.

'மருமகள் புது வளையம் தேடினாள். அவள் பாஷையில் வந்த பக்கத்தைப் படித்துவிட்டு, அத்தை, இது நீங்களா என்று கேட்டாள். அப்புறம் நானே தமிழில் எல்லாப் பக்கமும் படித்தேன். நாலு மணி நேரம் ஆச்சு. சின்ன மூடிக்கு அளவு தப்பாகப் போட்டிருக்கிறாய், திருத்து. பழைய வளையத்தை ஃப்ரீஸரில் வைத்து வைத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். இது மெதுவாக வரட்டும். மேலே நம்பர் போட்டிருக்கிறேன். முதலில் பேசு.'

வாயில் பற்பசையோடு அப்படியே நின்றேன். வாயைக் கொப்பளித்தேன். முகத்தைத் துடைத்தேன். நம்பரை மூன்று தடவை தப்பாக அழுத்தினேன், எழுத்தே கண்ணுக்குத் தெரியவில்லை. நாலாவது தடவை மணி அடித்தது.

"சொல்லுடி" என்றாள் அக்கா.

ஊரே அஞ்சிய வாய். ஒரு வார்த்தை வரவில்லை.